தைலமரக் காட்டில் ஒரு சுற்று

ஆண்டு மலருக்குக் கட்டுரை தர வேண்டும் என்று தமிழ்த்துறைப் பேராசிரியர் வகுப்பில் அறிவித்தபோது, தோழியர் சிலர் பயணக் கட்டுரை எழுதுவதென்று முடிவு செய்தார்கள். ஒருத்தி ஊட்டி போய் வந்திருந்தாள், மற்றொருத்தி இராமேசுவரம். நான் போய் வந்ததோ எங்கள் ஊருக்குப் பின்னால் இருக்கும் தைலமரக் காடு. அதுவும் சைக்கிளில்! ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்குப் புறப்பட்டுப் பத்து மணிக்கு வீடு திரும்பியாயிற்று. பதினான்கு கிலோமீட்டர் இருக்கலாம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று தோழியர் கேட்டனர். இருக்கிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊர் கறம்பக்குடி ஒன்றியத்தைச் சேர்ந்த சிற்றூர். தார்ச்சாலையில் வந்தால் கல்லூரிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர்; காட்டுப் பாதையில் வந்தால் ஏழு. காலையில் வந்துகொண்டிருந்த ஒரே பேருந்து சென்ற பருவத்தோடு நின்றுவிட்டது. பதினோராம் வகுப்பில் அரசு கொடுத்த விலையில்லா மிதிவண்டி என்னிடம் இருந்தது. காட்டு வழியே அதில் போய்வருகிறேன் என்று நான் சொன்னதும் வீட்டில் பெரும் பேச்சு எழுந்தது.

“பொம்பளப் புள்ளய அந்தக் காட்டுல தனியா விட முடியுமா? விடுதியில சேருங்க. இல்லாட்டி தபால்ல படிக்கட்டும்” என்றார் பெரியப்பா. விடுதிக்குக் கட்டப் பணம் இல்லை என்பது அவருக்கும் தெரியும். ஆகவே பேச்சின் பொருள் பின்பாதிதான். அண்ணன் சொல்லுக்கு அப்பா மறுத்துப் பேசிப் பழகாதவர். பெரியப்பாவைக் கொடியவர் என்று எண்ணிவிடாதீர்கள். பத்தாம் வகுப்பில் எனக்கு அகராதி வாங்கித் தந்தவரே அவர்தான். அவருக்கு அச்சம், அவ்வளவே.

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. சனிக்கிழமை இரவு பாத்திரம் கழுவிக்கொண்டே, “நாளைக்கு வெள்ளன எந்திரி. உன் சைக்கிள்ல காத்து இருக்கான்னு பாத்து வை” என்றார்.

மறுநாள் காலை மாட்டுக் கொட்டகையிலிருந்து அப்பாவின் பழைய சைக்கிளை அம்மா உருட்டிக்கொண்டு வந்ததைப் பார்த்துத் திகைத்துப் போனேன். நடுவில் பார் உள்ள ஆண்கள் சைக்கிள். அப்பா டி.வி.எஸ். வாங்கிய பிறகு அதைத் தொட்டவர் இல்லை. செயினுக்குத் தேங்காயெண்ணெய் விட்டிருந்தார். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, இடது பெடலில் கால் வைத்து இரண்டு எட்டு உந்தி ஏறி உட்கார்ந்தார். ஐம்பத்தொரு வயதில்! அம்மாவுக்குச் சைக்கிள் ஓட்டத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

காட்டுக்குள் முதல் இரண்டு கிலோமீட்டர் செம்மண். அதில் செம்புறாங்கல் சரளை. மழையில் வண்டித் தடம் ஆழமாகக் குழிந்து காய்ந்திருந்தது. அதற்குள் சக்கரம் இறங்கிவிட்டால் வெளியே திருப்புவது கடினம். தைலமரத்தின் காய்ந்த இலை வழவழப்பானது, திருப்பத்தில் வழுக்கிவிடும். அதைத் தாண்டினால் மணல். நான் மணலில் பிரேக்கைப் பிடித்தேன். முன்சக்கரம் புதைந்து வண்டி நின்றுவிட்டது.

“மணல்ல பிரேக்கப் புடிக்காத. மிதிச்சுக்கிட்டே இரு. ஹேண்டில் பார இறுக்காத, அது போற போக்குல கொஞ்சம் விடு. ரெண்டு சக்கரத்துலயும் காத்தக் கொஞ்சம் எறக்கிக்க” என்று முன்னாலிருந்து குரல் வந்தது. காற்றை இறக்கியதும் டயர் அகன்று, மணலில் அழுந்தாமல் ஓடியது.

பின்பு நூலகத்தில் ஒரு செய்தி படித்தேன். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் என்ற வட்டாரத்து இளைஞர் சிலர் 1970களில் பழைய காலத்துக் கனமான சைக்கிள்களை எடுத்துக்கொண்டு மலைப் பாதைகளில் இறங்கினார்களாம். 1976 அக்டோபரில் அங்கே தொடங்கிய ஒரு பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர். இறக்கத்தில் பிடித்த பிடியில் பின்சக்கர அச்சின் கிரீஸ் முழுவதும் எரிந்து புகைந்துவிடும். மறுபடி கிரீஸ் அடைத்த பிறகே வண்டி ஓடும். அதனால் அந்தப் பெயர். மலைச் சைக்கிள் என்று இன்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்பதெல்லாம் அந்தப் பழைய வண்டிகளின் வழி வந்தவையே. கியர் இல்லாமல் மண் பாதையை வெல்ல முடியும் என்பதை அவர்களைப் போலவே எங்கள் மாவட்டத்துப் பெண்களும் காட்டினார்கள். ஆனால் பந்தயத்துக்காக அல்ல.

வரலாறு படிக்கும் மாணவி என்ற முறையில் சிறிது சொல்ல வேண்டும். 1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போது மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்தார். ஊர் ஊராகப் போய்க் கற்பிக்க வேண்டிய பெண்கள் யாரையும் எதிர்பார்க்காமல் போய்வர வேண்டும் என்பது எண்ணம். 1992 மகளிர் நாளில் ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கைப்பிடியில் கொடி கட்டிக்கொண்டு புதுக்கோட்டை நகரில் சைக்கிளில் ஊர்வலம் வந்தார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 1996-இல் வெளியிட்ட நூலில் இதற்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. பெண்கள் சைக்கிள் போதுமான அளவு கிடைக்காததால் ஆண்கள் சைக்கிளிலேயே பழகினார்கள். முன்பாரில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்று அதையே விரும்பியவர்களும் உண்டு என்று அவர் எழுதியிருக்கிறார். இதையெல்லாம் நான் படித்திருந்தேன். அந்தப் பெண்களில் ஒருவர் தினமும் எனக்குச் சோறு போட்டுக்கொண்டிருந்தார் என்பதுதான் தெரியாது.

காட்டின் நடுவே ஐயனார் கோயில்காடு ஒன்று இருக்கிறது. அதன் எல்லையில் அம்மா இறங்கிச் செருப்பைக் கழற்றிக் கேரியரில் செருகிக்கொண்டார். நானும் அப்படியே செய்தேன். வண்டியை உருட்டிக்கொண்டே நடந்தோம். தைலமரக் காட்டில் வரிசை வரிசையாக ஒரே மரம், நிழலும் மெலிந்தது, பறவைக் குரலும் குறைவு. கோயில்காட்டுக்குள் நுழைந்ததும் காற்றே மாறிவிடுகிறது. வீரை, பாலை, காசா என்று பின்னிக் கிடக்கும் மரங்கள். வெப்பமண்டல உலர் பசுமைமாறாக் காடு என்று தாவரவியல் தோழி நீளமாக ஒரு பெயர் சொன்னாள். இங்கே சுள்ளி ஒடிக்கவும் யாரும் துணிய மாட்டார்கள். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் எங்கள் தென்னைகள் எல்லாம் சாய்ந்தன. கோயில்காட்டிலும் பல கிளைகள் முறிந்தன. முறிந்த இடத்தில் எல்லாம் இப்போது தழைத்திருக்கிறது. 2020-இல் இயற்றிய வேளாண் மண்டலச் சட்டம் கறம்பக்குடி வட்டாரத்தையும் பாதுகாக்கப்பட்ட பகுதியில் சேர்த்தது. ஐயனாருக்கு அதற்கு முன்பே தனிச் சட்டம் இருந்தது போலும்!

அங்கே ஒரு வேரில் உட்கார்ந்துகொண்டுதான் அம்மா பேசினார். பதினெட்டு வயதில், கேரியரில் அரிக்கேன் விளக்கும் சிலேட்டுகளும் கட்டிக்கொண்டு, இந்தப் பாதையில்தான் அக்கினியாற்றுப் பக்கத்துக் குடியிருப்பு ஒன்றுக்கு மாலை வகுப்பு நடத்தப் போயிருக்கிறார். அம்மாவின் பிறந்த ஊர் காட்டுக்கு அந்தப் பக்கம்.

“பயமா இல்லையாம்மா?”

“இல்லாம? நரி ஊளையிட்டாலே கை நடுங்கும். ஒரு நா கருவேல முள்ளு ஏறி நடுக்காட்டுல பஞ்சர். இருட்டுல உருட்டிக்கிட்டே வந்தேன். வீட்டுல சொல்லல. சொன்னா மறுநா விட மாட்டாகளே.”

“அப்புறம் ஏன் விட்டுட்டீங்க?”

அம்மா சிறிது நேரம் பேசவில்லை. “கல்யாணமாகி வந்த மூணாம் நாள் ஒங்க அப்பா சைக்கிள எடுத்தேன். புது மருமக சைக்கிள் ஓட்டுனா ஊரு சிரிக்கும்னு அப்பத்தா சொன்னாக. வச்சிட்டேன். அவ்ளோதான்.”

ஆற்றங்கரை வழியாகத் திரும்பினோம். அக்கினியாற்றில் தண்ணீர் இல்லை. மணலைக் குறுக்கே கடக்கும்போது, எனக்குப் பாடம் சொன்ன அம்மாவே தடுமாறி விழுந்தார். முழங்காலில் சிராய்ப்பு; கண்ணாடி வளையல் இரண்டு உடைந்தன. நான் பதறி ஓடினேன். அவரோ மணலில் உட்கார்ந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். அப்படி அவர் சிரித்து நான் கண்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது திண்ணையில் அப்பத்தா, அப்பா, பெரியப்பா மூவரும் இருந்தனர். அம்மா சைக்கிளை வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“பாத நல்லாத்தான் இருக்கு மாமா. மணலு ரெண்டு எடத்துல மட்டும் எறங்கி உருட்டணும். மொத ஒரு மாசம் நானும் காடு தாண்டிக் கொண்டு போய் விட்டுட்டு வர்றேன். அப்புறம் அவளே போவா.”

பெரியப்பா முழங்காலுக்கு நேரே புடவையில் படிந்திருந்த இரத்தத்தைப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அப்பத்தாதான் எழுந்து உள்ளே போய் மஞ்சள்தூள் எடுத்து வந்தார்.

அம்மா சொன்ன ஒரு மாதம் முடிந்து இப்போது மூன்று மாதம் ஆகிறது. இன்னும் வாரத்தில் இரண்டு நாள் தைலமரக் காடு முடியும் இடம் வரை அவர் கூடவே வருகிறார். எனக்குத் துணை வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். “ஒனக்கு யாரு துணைக்கு வந்தா?” என்று கேட்டுவிட்டு முன்னால் போய்விட்டார். சென்ற வாரம் பெரியப்பா கறம்பக்குடி சந்தையிலிருந்து அந்தப் பழைய சைக்கிளுக்குப் புது டியூப் இரண்டு வாங்கி வந்து கொட்டகையில் மாட்டிவிட்டுப் போனார்.