போருக்கு எத்தனை அர்த்தம்!

ஆங்கிலத்தில் ‘போர்’ என்று ஒரு குட்டி வார்த்தை. பள்ளிக்கூடத்தில் வாத்தியார் அதற்கு அர்த்தங்களை அடுக்கினார். துளை போடுவது, பேசியே கழுத்தை அறுக்கும் ஆசாமி, துப்பாக்கிக் குழலின் உள்வாய் அகலம், ஹூக்ளி நதியில் கடலிலிருந்து எதிர்த்து ஏறி வரும் அலை. கடைசியாக, ‘சுமந்தான், பொறுத்தான்’ என்றும் ஒன்று!

தமிழில் மட்டும் பஞ்சமா? யுத்தமும் போர்; சோளத்தட்டுக் குவியலும் போர். எங்கள் மல்லசமுத்திரத்திலோ போர் என்றால் முதலில் ஆழ்குழாய்க் கிணறுதான். பக்கத்துத் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுவதும் போய்ப் பூமியைத் துளைக்கின்றனவே!

2017 வறட்சியில் ஒரு வண்டி எங்கள் காட்டுக்கும் வந்தது. 900 அடி! இரவெல்லாம் கல்மாவு பறந்ததே தவிர, ஈரம் தென்படவில்லை.

தீவனம் கிராக்கியான வருஷம். விடிந்ததும் அப்பா தட்டுப் போரை விற்றார். போதாமல் இரண்டு மாடுகளையும் விற்று வண்டிப் பாக்கியைத் தீர்த்தார்.

“ஏனுங்க, இனி என்ன பண்றது?” என்றாள் அம்மா.

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

“மழை வராமயா போயிரும், புள்ளே? வந்தா கடலைக்காய் போடலாம்” என்றார். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை.

வாத்தியார் கடைசியாகச் சொன்ன அர்த்தம் எனக்கு அன்றுதான் விளங்கியது.