ராக்கெட் பார்க்கப் போன இடத்தில்

அக்டோபர் முதல் வாரம். பிசானத்துக்கு விதை நெல் ஊறப் போட்டிருந்தேன். அந்த நேரம் பார்த்து, "எப்பா, வள்ளியூர் பக்கம் காலேஜ்ல ராக்கெட் கண்காட்சி போட்டிருக்காவ, ராணுவ சாமானும் வச்சிருக்காவளாம். வாங்க போயிட்டு வருவோம்"னு பையன் ரெண்டு நாளா சொல்லிட்டே இருந்தான். பன்னிரண்டாவது முடிச்சுட்டு ஒரு வருஷமா என்னோட தோட்டத்தில் நிற்கிற பிள்ளை. எதையும் வாய்விட்டுக் கேட்க மாட்டான். சரின்னு பைக்கை எடுத்தேன்.

எங்க பக்கத்து ஆளுகளுக்கு இந்த ரெண்டுமே புதுசு இல்லை. மேற்கே மகேந்திரகிரி அடிவாரத்தில் இஸ்ரோக்காரங்க எஞ்சினை ஓட்டிப் பார்க்கும்போது சில நாள் உறுமல் கேட்கும். எங்க ஆச்சி இருந்தவரைக்கும் "மலை செருமுது"ன்னுதான் சொல்லும். கிழக்கே விஜயநாராயணத்தில் கடற்படைக் கோபுரம் இருக்கிறது. 1990-ல் வந்தது. கடலுக்குள்ள முங்கிக் கிடக்கிற நீர்மூழ்கிக் கப்பலுக்குச் சேதி அனுப்புகிற இடம். ராத்திரி தண்ணி பாய்ச்சப் போனால் அந்தச் சிவப்பு விளக்குகள்தான் எனக்குத் துணை. ஆனால் ரெண்டையும் இத்தனை வருஷமா தூரத்தில் இருந்தே பார்த்தாச்சு.

உலக விண்வெளி வாரம்னு வாசலில் பேனர் கட்டியிருந்தது. உள்ளே பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம். பி.எஸ்.எல்.வி., ஜி.எஸ்.எல்.வி. மாதிரிகள் ஆள் உயரத்துக்கும் மேலே நின்றன. எனக்கு அதைவிட விகாஸ் எஞ்சின் மாதிரிதான் பிடித்தது. ரெண்டு திரவம், ஒன்றை ஒன்று தொட்டாலே பற்றிக்கொள்ளும், தீக்குச்சி வேண்டாம் என்று ஒரு பெண் பிள்ளை விளக்கிச் சொன்னது. அதற்குள் ஒரு பம்பு இருப்பதைக் காட்டியது. பம்புன்னதும் எனக்கு வாய் சும்மா இருக்குமா, "எத்தனை ஹெச்.பி. தாயி?"ன்னு கேட்டுட்டேன். அது சிரித்துவிட்டு, "உங்க மோட்டார் மாதிரியேதான் அங்கிள். அங்க கரண்டு சுத்தும், இங்க சூடான வாயு சுத்தும்" என்றது. அடுத்து கிரையோஜெனிக். மைனஸ் 253 டிகிரியில் ஹைட்ரஜன். மகேந்திரகிரியில்தான் அதையும் ஓட்டிப் பார்க்கிறார்களாம். நாம் வாழைக்குத் தண்ணி கட்டுகிற இடத்திலிருந்து பார்த்தால் தெரிகிற மலை.

இன்சாட் செயற்கைக்கோள் மாதிரிக்கு முன்னால் மட்டும் கொஞ்சம் நின்றேன். 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருந்து மேகத்தைப் படம் எடுப்பது. 2023 டிசம்பர் 17, 18-ஐ நம்ம மாவட்டத்தில் யார் மறப்பார்? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். நமக்குக் குலை தள்ளின ஏத்தன் வாழை பூராவும் போச்சு. "அன்னைக்கு இது பார்த்துட்டுத்தானே இருந்துச்சு?"ன்னு அங்கே நின்ற அதிகாரியிடம் கேட்டேன். அவர் மழுப்பவில்லை. "மேகத்தைப் பார்த்துச்சு அண்ணாச்சி. அது நகராம ஒரே இடத்துல நின்னு இவ்வளவு கொட்டும்னு சொல்லுறது வேற கணக்கு. அது எங்களுக்கும் கஷ்டம்தான்" என்றார். ஏதோ இங்கிலீஷில் சொல்லி அனுப்பாமல் இருந்தாரே, அதுவே போதும்.

திரும்பிப் பார்த்தால் பையனைக் காணோம்.

அடுத்த அறையில் ராணுவம். அக்னி, ஆகாஷ் ஏவுகணை மாதிரிகள், இருட்டில் பார்க்கிற கண்ணாடி, என்.சி.சி. பிள்ளைகள். (அக்டோபர் 4 ஸ்புட்னிக் போன நாள், 10 விண்வெளியை அமைதிக்கு வைத்துக்கொள்வோம் என்ற ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாள், அதனால்தான் இந்த வாரம் என்று வாசலில் எழுதியிருந்தது. பக்கத்து அறையில் ஏவுகணை. அப்துல் கலாம் ஐயாவே ரெண்டு வேலையும் பார்த்தவர்தானே, நாம் என்ன சொல்ல.) ஓரத்தில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருத்தர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். அவர் முன்னால் என் மகன்.

"1.6 கிலோமீட்டரை எவ்வளவு நேரத்துல ஓடுதே?"

"ஆறு நிமிசத்துக்குள்ள வந்துட்டேன் சார். குளத்தங்கரையிலதான் ஓடுதேன்."

அப்போதான் விளங்கியது. மூணு மாசமா காலையில் நாலு மணிக்கு, "தண்ணி நான் மாத்துதேன், நீங்க படுங்க"ன்னு இவன் ஏன் போனான் என்று. பிள்ளைக்குப் பொறுப்பு வந்துட்டுதுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிந்தேன் நான். என்னைக் கையைப் பிடித்து இழுத்து வந்ததும் ராக்கெட்டுக்காக இல்லை. வீட்டில் சொல்ல வராததை, இன்னொருத்தர் முன்னால் என் காதில் போடத்தான்.

சுபேதார் எனக்கும் நாற்காலி போட்டார். அக்னிவீர். நாலு வருஷம். முதல் வருஷம் மாசம் 30,000, பிடித்தம் போகக் கையில் 21,000. முடிக்கும்போது 11 லட்சத்துக்கு மேல் கொடுத்து அனுப்புவார்கள். நாலில் ஒரு பங்குக்கு மேல் நிரந்தரம் கிடையாது. எதையும் கூட்டிச் சொல்லவில்லை அவர்.

திரும்பி வரும்போது ஏர்வாடியில் டீ குடித்தோம். "நாலு பேர்ல மூணு பேரு திரும்பி வரணும்லே. நீ அந்த மூணுல இருந்தா?"ன்னு கேட்டேன்.

"வந்தா தோட்டம் இருக்குல்லா" என்றான்.

எனக்குப் பதில் வரவில்லை. இதில் என்னலே இருக்கு, போய்ப் பொழைக்கிற வழியைப் பாருன்னு வெள்ளத்துக்குப் பிறகு நூறு தடவை சொன்னவன் நான்தான். அவன் திரும்பி வந்து நிற்கப் போகிற இடமா அதையே சொல்கிறான்.

மறுநாள் விதை முளை கட்டியிருந்தது. நாலு மணிக்கு விழிப்பு வந்தது. அவன் கட்டில் காலி. நானே போய்த் தண்ணி மாற்றினேன். இருட்டில் குளத்தங்கரைப் பக்கம் ஓடுகிற சத்தம் கேட்டது, கூப்பிடவில்லை.

அவங்க அம்மாகிட்ட இன்னும் யாரும் சொல்லவில்லை. நான் எழுதுவதை அவள் படிக்கிறதில்லை என்கிற தைரியத்தில்தான் இங்கே எழுதுகிறேன். சொந்தக்காரங்க யாரும் படிச்சீங்கன்னா, ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க.