மூலைக்கு மூலை

போன வாரம் எங்க வீட்டுல பத்தாங்கிளாஸ் ரிவிஷன் டெஸ்ட்டுக்கு ஆயத்தொலை வடிவியல் ஓடுச்சு. படிச்சது பொண்ணு, ஃபெயில் ஆனது நான் :-)

"ரெண்டு புள்ளிக்கு நடுவுல தூரம் கண்டுபிடிக்க என்னப்பா ஃபார்முலா?"

கேட்டதுதான் தாமதம். "எக்ஸ் டூ மைனஸ் எக்ஸ் ஒன் ஹோல் ஸ்கொயர், பிளஸ் ஒய் டூ மைனஸ் ஒய் ஒன் ஹோல் ஸ்கொயர், மொத்தத்துக்கும் ரூட்"னு மூச்சு விடாம ஒப்பிச்சேன். பத்தாவதுல கணக்குல 92 வாங்கினவனாச்சே!

"சரி, எதுக்கு ஸ்கொயர் பண்ணணும்? எதுக்கு ரூட்?"

தெரியலை. "கேள்வி கேக்காம படி"ன்னு ஒரு அதட்டல் போட்டேன். முகம் சுருங்கிப் போச்சு அவளுக்கு.

ராத்திரி தூக்கம் வரலை. இதே அதட்டலை முன்னாடி இன்னொருத்தர்கிட்டயும் போட்டிருக்கேன்...

2011ல வீடு கட்ட ஆரம்பிச்ச நேரம். அரை கிரவுண்டு மனை. ரோட்டோரம் 40 அடி, உள்ளே 30 அடி. நாலு பக்கமும் நானே டேப் பிடிச்சு அளந்தேன். ஒரு இஞ்ச் முன்னபின்ன, பத்திரத்துல இருக்குறபடியே இருந்துச்சு. கொத்தனார் மட்டும், "மூலைக்கு மூலை பிடிங்க சார், 50 வரணும்"னார். பிடிச்சா ஒண்ணு 48, இன்னொண்ணு 52!

"மூலை சரியில்ல சார், கல்லு நகர்ந்திருக்கு."

"நாலு பக்கமும் சரியாத்தானே இருக்கு? வேலையைப் பாருங்க"ன்னு கத்திட்டேன். அஞ்சாவது வரைக்கும் படிச்ச மனுஷன். பதில் பேசலை. ஆனா கடப்பாரையையும் தொடலை. வேற வழியில்லாம சர்வேயரைக் கூப்பிட்டேன். பின்பக்கத்து ரெண்டு கல்லும் ஒரே பக்கமா இரண்டரை அடி தள்ளி இருந்துச்சு. அப்படியே கட்டியிருந்தா என் காம்பவுண்டு சுவர் பக்கத்து மனைக்குள்ள போயிருக்கும்.

மறுநாள் பொண்ணை உக்கார வச்சு, கிராஃப் பேப்பர்ல அந்த மனையை வரைஞ்சோம். ரோட்டோர மூலைகள் (0, 0), (40, 0). பின்னாடி இடது மூலை (0, 30). 40 ஸ்கொயர் 1600, 30 ஸ்கொயர் 900, கூட்டினா 2500, ரூட் எடுத்தா 50.

"அப்பா, இது பிதாகரஸ்தானே! படுக்கையா போற தூரம் ஒரு பக்கம், செங்குத்தா போற தூரம் ஒரு பக்கம், நாம கேக்குற தூரம்தான் கர்ணம்!"

அட ஆமா! 92 மார்க்குக்கு இது தெரியாமலே இத்தனை வருஷம் ஓடியிருக்கு.

அப்புறம் அவளே (0, 30)ஐ (2.5, 30)க்கு நகர்த்திப் பார்த்தா. பக்கம் 30.1 அடி. ஒரு இஞ்ச் சொச்சம்தான் கூடுது, டேப் கொஞ்சம் தொய்ஞ்சாலே கண்ணுக்குத் தெரியாது. ஆனா குறுக்கே 48, ரெண்டு அடி குறையுது. பக்கத்துல ஒளிஞ்ச தப்பு, மூலைவிட்டத்துல மாட்டிக்கிச்சு.

"அந்தக் கொத்தனார் தாத்தாகிட்ட ஸாரி கேட்டியாப்பா?"

கேக்கலை. கூலி மட்டும்தான் கொடுத்தேன்.

ஞாயித்துக்கிழமை ரெண்டு பேரும் அவர் வீட்டுக்குப் போறோம். கிராஃப் பேப்பரையும் எடுத்துட்டு வரணும்னு பொண்ணு சொல்லியிருக்கா.