உதகைப் பூங்காவில் ஒரு காலை

உதகமண்டலத்துத் தாவரவியல் பூங்காவை 1848-இல் அமைக்கத் தொடங்கியவர் மக்ஐவர் என்பவர். அங்கே நடுப்பகலில் காமிராவுடன் அலைந்த நாம் ஏமாந்தோம். பூவுக்குப் பூ தாவிய வண்ணத்துப்பூச்சிகளில் ஒன்றேனும் படத்தில் தெளிவாக விழவில்லை. சிற்றுயிரை அதன் உண்மை அளவிலேயே படம் பிடிக்கையில், தெளிவாக விழும் ஆழம் ஒன்றிரண்டு மில்லிமீட்டரே அல்லவா?

மறுநாட் காலை கதவு திறந்தவுடனே சென்றோம். டாலியாப் பூவொன்றில், குளிரில் விறைத்து, பனித்துளி தாங்கி, ஒரு வண்ணத்துப்பூச்சி சிறகு மூடி அமர்ந்திருந்தது. உடலில் வெயில் ஏறாமல் அதனால் பறக்க இயலாது. மூடிய சிறகுக்கு இணையாகக் காமிராவை நிறுத்தினோம். கண்ணும் சிறகும் ஒருங்கே தெளிந்தன.

"சற்றே தொட்டுத் திருப்பினால் முகம் நன்றாய் விழுமே!" என்றார் உடன் வந்த நண்பர். நாம் இசையவில்லை. தப்பிச் செல்ல இயலாத உயிரைத் தொடுவது முறையன்று. வெயில் ஏறியது, சிறகை விரித்துப் பறந்தது. படம் நம்மிடம் இருக்கிறது. பூச்சி பூங்காவுக்கே உரியது.