மிச்சமிருந்த ரெண்டு பெட்டி

எங்கள் வீடு ஒண்டிப்புதூரில் இருக்கிறது. மாமனார் 1978-ல் கட்டிய வீடு. ஆசாரம் முழுக்க ரெட் ஆக்ஸைடு தரை. மாதத்துக்கு ஒருமுறை அத்தை தேங்காயெண்ணெய் தொட்ட துணியால் துடைத்துத் துடைத்து, அதில் முகம் பார்க்கலாம் போல வைத்திருந்தார். ஆனால் நாற்பது வருஷத்துக்கு மேல் ஆனதில் அங்கங்கே வெடிப்பு. வைகாசியில் மகள் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டு ஒறம்பறை வரும்போது வெடித்த தரையா என்று எனக்குத்தான் வெசனம்.

அத்தை ஒரே வார்த்தைதான் சொன்னார்: "டைல்ஸ் போட்டா வழுக்குமே கண்ணு."

"இப்ப எல்லார் வீட்லயும் அதுதானுங்க அத்தை" என்று முடித்துவிட்டேன்.

ஆசாரத்துக்கு ரெண்டுக்கு ரெண்டு அடி பளபள விட்ரிஃபைடு டைல்ஸ் எடுத்தோம். குஜராத்தில் மோர்பி என்ற ஊரிலிருந்து லாரியில் வருவதாகக் கடைக்காரர் சொன்னார். நாட்டில் விற்கும் டைல்ஸில் பெரும்பகுதி அங்கிருந்துதான் வருகிறதாம். டைல்ஸ் தேர்ந்தெடுக்க நாலு கடை ஏறி இறங்கினேன். ஒட்டுகிற ஆளைத் தேர்ந்தெடுக்க எடுத்துக்கொண்டது ஒரு போன் கால் நேரம். ஒருவர் சதுர அடிக்கு 35 ரூபாய் கூலி கேட்டார், இன்னொருவர் 24. நான் யாரைக் கூப்பிட்டிருப்பேன் என்று சொல்ல வேண்டியதில்லை. அவரிடமும், "பத்து நாள் வேலையெல்லாம் ஆகாது, நாலே நாள்ல முடிக்கோணும்" என்று கறாராகச் சொன்னேன்.

சொன்னபடியே முடித்தார். ஆசாரம் ஜொலித்தது. கடைசி நாள் பாத்ரூம் வேலை. ஆறுக்கு நாலு அடி, சின்ன பாத்ரூம். மேஸ்திரி தயங்கினார்.

"அக்கா, இதுக்கு ஓரடி டைல்ஸ், சொரசொரப்பா இருக்கறது வாங்கிக் குடுத்துருங்க. பெரிய டைல்ஸுல வாட்டம் நிக்காதுங்க."

"ஆசாரத்துக்கு வாங்குனதுல ரெண்டு பெட்டி மிச்சம் கெடக்குதுங்களே மேஸ்திரி. அதையே போட்டுருங்க. கடையில திருப்பி எடுக்க மாட்டீங்கறாங்க."

மறுபடி ஒருமுறை சொல்லிப் பார்த்தார். நான் கேட்கவில்லை. ஆறு டைல்ஸில் பாத்ரூம் முடிந்துபோனது.

மறுநாளே தெரிந்தது. குளித்த தண்ணீர் ஓட்டைக்குப் போகாமல் கதவோரம் நின்றது. மேஸ்திரிக்குக் கொடுக்க வேண்டிய கடைசி 4,000 ரூபாயை நிறுத்திவிட்டேன். ரெண்டு தடவை போன் செய்தார். அப்புறம் விட்டுவிட்டார். கல்யாணத்துக்கு வந்தவர்கள், பக்கத்து வீடு, நாத்தனார் என்று எல்லோரிடமும், "அந்தாளு பாத்ரூமையே கெடுத்துட்டுப் போயிட்டான்" என்று சொன்னேன். பெட்டி விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

ஆடி மாதம் ஒரு விடியற்காலை அத்தை வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு. 74 வயதில் அவருக்குச் சோறு பிசைந்து கொடுக்க வேண்டியதாயிற்று. ஒருநாள்கூட, "நான் அப்பவே சொன்னனே" என்று அவர் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அப்புறம்தான் ஒழுங்காக ஆள் தேடினேன். சூலூர்ப் பக்கம் ஒரு பெரியவர், அறுபது வயதிருக்கும். வேலையைப் பார்க்க வேண்டும் என்றதும், மூன்று வருஷத்துக்கு முன்னால் அவர் ஒட்டிய ஒரு வீட்டுக்கு அழைத்துப் போனார். "நேத்து ஒட்டுனது எல்லாமே நல்லாத்தான் இருக்கும் அம்மிணி. ரெண்டு வருசம் நடந்து தேஞ்சத பாக்கோணும்" என்றார். அந்த வீட்டு பாத்ரூமில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் காட்டினார். சலசலவென்று ஓட்டைக்குள் போய்விட்டது.

எங்கள் வீட்டுக்கு வந்ததும் பையிலிருந்து ஒரு ரூபாய்க் காசை எடுத்து ஆசாரத்து டைல்ஸை ஒவ்வொன்றாகத் தட்டினார். பெரும்பாலானவை கிண்ணென்றன. மூலையில் ரெண்டு மட்டும் பொத்துப்பொத்தென்றன. கலவையை முழுக்கப் பரப்பாமல் நாலு மூலைக்கும் நடுவுக்கும் உருண்டை வைத்து அமுக்கினால் அடியில் காற்று நிற்குமாம். கனமாக ஏதாவது விழுந்தால் அந்த இடம்தான் உடையுமாம். விட்ரிஃபைடு டைல்ஸ் தண்ணீரே குடிக்காது, அதனால் வெறும் சிமெண்ட் பால் அதைப் பிடிக்காது, அதற்கென்று விற்கிற பசையில்தான் ஒட்ட வேண்டும் என்றார். சுவருக்குப் போடுகிற செராமிக் டைல்ஸ் தண்ணீர் குடிக்கும். சிமெண்டில் ஒட்டுவதாக இருந்தால் முதலில் ஊற வைக்க வேண்டும். பழைய வழவழத் தரையைக் கொத்திவிடாமல் மேலேயே ஒட்டினாலும் பிடிப்பு இருக்காது. எங்கள் வீட்டில் கொத்தவில்லை. கொத்த ரெண்டு நாள் ஆகும். நான் கொடுத்ததே நாலு நாள்.

பாத்ரூமைப் பார்த்ததும், "இந்த டைல்ஸை இங்க போடச் சொன்னது யாருங்க?" என்றார்.

நான் பேசவில்லை. கட்டுப் பிரித்த கையைத் தடவிக்கொண்டே அத்தை வாசற்படியில் நின்றிருந்தார்.

"மேஸ்திரி மேல தப்பில்லீங்க" என்று அவராகவே தொடர்ந்தார் பெரியவர். "தண்ணி நாலு பக்கமிருந்தும் ஓட்டைக்கு வரோணும். ஆறடிக்கு முக்கா இஞ்சாவது எறக்கம் வேணும். சின்ன டைல்ஸுன்னா அப்படி அப்படியே மடக்கிக் கொண்டு வந்தறலாம். ரெண்டடிப் பலகைய எப்படி வளைக்கறது?"

எனக்குத் தொண்டையில் என்னவோ அடைத்தது. "நான்தானுங்க போடச் சொன்னேன்" என்றேன். அத்தைக்கும் அன்றைக்குத்தான் தெரியும்.

அவர் ஆறு நாள் கேட்டார். நான் வாய் திறக்கவில்லை. முதல் நாள் முழுக்க உடைப்பதும், மட்டக்குழாயை வைத்துச் சுவர் சுவராகக் கோடு போடுவதும்தான். கூலி கொடுத்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கொஞ்சம் கஷ்டமாகத்தான் இருந்தது. வெட்டும்போது கூட வந்த பையன் பிளேடு மேல் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தான். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் நுரையீரல் கெட்டுவிடும் என்று பெரியவர் அவனை முகத்துண்டையும் அவிழ்க்க விடவில்லை. முதல் தடவை ஆசாரமே புகைமூட்டமாகக் கிடந்தபோது நான் சோபாவுக்குத்தான் போர்வை போட்டேன்.

கிளம்பும்போது, "மிச்ச டைல்ஸைத் தூக்கிப் போட்டறாதீங்க. பெட்டி மேல ஷேடு நம்பர் இருக்குது பாருங்க. அடுத்த லோடுல அதே நெறம் வராது" என்றார்.

அன்று சாயங்காலம் முதல் மேஸ்திரிக்கு ஜிபேயில் 4,000 ரூபாய் அனுப்பினேன். என்ன எழுதுவதென்று தெரியாமல் ஒன்றும் எழுதவில்லை. பத்து நிமிஷத்தில் அவரே கூப்பிட்டார்.

"அக்கா, பணம் வந்துதுங்க. அம்மாவுக்குக் கை இப்ப எப்படிங்க இருக்குது?"

யார் சொல்லித் தெரிந்ததோ. நல்லா இருக்காங்க, இப்போது அவரே பிசைந்து சாப்பிடுகிறார் என்றேன். தப்பு என் மேலதான் மேஸ்திரி என்றும் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமில்லை.

"ஆசாரத்துல கிழக்கு மூலையில ரெண்டு எடத்துல அவசரத்துல ஒட்டிட்டனுங்க. எனக்கே தெரியும். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்து ஒட்டித் தர்றேன். அதே டைல்ஸ் ஏதாச்சும் மிச்சம் இருக்குதுங்களா அக்கா?"

எட்டில் ஆறு பாத்ரூமில் போய் உடைந்தாயிற்று. பரணைப் பார்த்தேன்.

"இருக்குதுங்க மேஸ்திரி. ரெண்டே ரெண்டு."