பழுக்கக் காய்ச்சிய பூ

முதல் வருடம் ஸ்மித்தி ஷாப்பில் உலையிலிருந்து கம்பியை எடுத்தபோது எங்கள் வீட்டு வாசல்தான் ஞாபகம் வந்தது. கோத்தகிரியில் அப்பா வளர்க்கும் பூவுக்கு ‘ரெட் ஹாட் போக்கர்’ என்றே பெயர். பழுக்கக் காய்ச்சிய கம்பி! கம்பிக்கு நுனி மஞ்சள், அடி சிவப்பு, பூவுக்குத் தலைகீழ். மொட்டுகள் கீழிருந்து விரிய விரியச் சிவப்பு மஞ்சளாகும். ஆப்பிரிக்காவில் பிறந்த செடி.

தோட்ட வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது அப்பா கொண்டுவந்தது அந்த ஒரு தூர்தான். நான் டிப்ளமோ சேரும் முன், ஆபரேஷனுக்காக ஒரு மாதம் கோவையில் இருந்தார். “செடியைப் பாத்துக்கடா” என்றார். பார்த்துக்கொண்டேன், மழை பெய்த நாளிலும் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி! அவர் திரும்பியபோது தூர் அழுகி, இலை கையோடு வந்தது.

திட்டுவார் என்று நின்றேன். அழுகியதை அறுத்தெறிந்து, தப்பிய ஒரு பக்கக்கன்றை மணலும் சரளையும் கலந்த மேட்டில், வெயில் படும்படி நட்டார். “தண்ணி நிக்கக் கூடாது. பாசம்னு ஊத்திக்கிட்டே இருந்தா செத்துரும். இனிமே தோண்டவும் கூடாது” என்றார்.

இரண்டு வருடம் இலை மட்டும்தான். போன செமஸ்டரில் எனக்கு மூன்று அரியர். வீட்டில் சொல்லத் தைரியமில்லாமல் வாசலிலேயே நின்றேன். மேட்டில் ஒரே ஒரு தண்டு, இடுப்புயரத்தில் சிவந்து நின்றது.

அப்பா மார்க் கேட்கவில்லை. “பூவெல்லாம் வாடினதும் தண்டை அடியோட வெட்டிடு. வாடினதையே வச்சுக்கிட்டு நிக்கக் கூடாது” என்றார்.

வெட்டினேன். இப்போது அரியர் ஒன்றுதான் பாக்கி.