சேர்வதும் விட்டுவைப்பதும்

பிரிட்டன் என்ற நாடு உருவாக ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டுகள் ஆயின. 927-இல் ஏதல்ஸ்டன் ஆங்கிலேயர் நிலங்களை ஒரு முடியின்கீழ் கொண்டுவந்தார். 1801-இல் அயர்லாந்து வந்து சேர்ந்தது. பள்ளி வயதில் மன்னர்களின் பெயர்களாக இதை மனப்பாடம் செய்தேன். முதுமையில் திரும்பப் படிக்கும்போது, சேர்ந்தவர்களிடம் எதை விட்டுவைத்தார்கள் என்பதையே என் மனம் தேடுகிறது.

1603-இல் முதலாம் எலிசபெத் வாரிசின்றி இறந்ததும், ஸ்காட்லாந்து மன்னர் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானார். இரு நாடுகளையும் ஒன்றாக்க அவர் துடித்தார். இங்கிலாந்தின் நாடாளுமன்றம் இசையவில்லை. அதற்குப் பின்னும் நூறு ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. இதற்கிடையே பனாமாவின் டேரியனில் குடியேற்றம் அமைக்கப்போய் ஸ்காட்லாந்து பெரும் பொருளையும் உயிர்களையும் இழந்தது. 1707-இல் இரு நாடுகளையும் இணைத்த ஒப்பந்தத்தில் ஈடாக வந்த ஏறத்தாழ 3,98,000 பவுனில் பெரும்பகுதி அந்த நட்டத்தைத் தீர்க்கத்தான். மக்கள் எதிர்த்தார்கள், எடின்பரோ தெருக்களில் கலவரமே மூண்டது. அப்படியும் அந்த இணைப்பு நிலைத்தது. இணைப்பின்போது ஸ்காட்லாந்தின் சட்டம், திருச்சபை, பல்கலைக்கழகங்கள் எதிலும் லண்டன் கைவைக்கவில்லை. வந்த மருமகளைப் பிறந்த வீட்டுக் குலதெய்வத்தைக் கும்பிடவிட்ட குடும்பம் போல நடந்துகொண்டார்கள். குடியேற்ற நாடுகளின் வணிகமும் பதவிகளும் ஸ்காட்லாந்தவருக்குத் திறந்தன. சென்னையில் சிலையாகக் குதிரைமேல் அமர்ந்திருக்கும் ஆளுநர் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர்தான். அந்த உறவின் ஆதாயத்துக்கு நம் மண்ணும் விலை கொடுத்தது.

வேல்ஸில் வேறு கதை. 1536-இல் வந்த இணைப்புச் சட்டம் நீதிமன்றங்களில் ஆங்கிலம் மட்டுமே என்றது. வேல்ஸ் மொழி மட்டும் அறிந்தவருக்குப் பதவியில்லை. 1588-இல் வில்லியம் மார்கன் அம்மொழியில் விவிலியத்தை முழுமையாகத் தந்தார். கோயில்களில் அது வாசிக்கப்பட்டதால் மொழி பிழைத்தது.

அயர்லாந்தை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. இணைந்தால் கத்தோலிக்கர் நாடாளுமன்றத்தில் அமரலாம் என்ற நம்பிக்கையை ஊட்டித்தான் பிரதமர் பிட் ஆதரவு திரட்டினார். மன்னர் மூன்றாம் ஜார்ஜ் மறுத்தார். பிட் பதவி விலகினார். அயர்லாந்துக் கத்தோலிக்கத் தலைவர் டேனியல் ஓ'கானல் போராடி, 1829-இல்தான் அந்த உரிமை கிடைத்தது. 1845-இல் உருளைக்கிழங்குப் பயிர் அழுகத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் ஏறக்குறைய 10 லட்சம் பேர் மாண்டார்கள்; அப்போதும் அயர்லாந்திலிருந்து தானியம் கப்பலேறியது. 1922-இல் தீவின் பெரும்பகுதி விலகிப்போனது. வாக்குத் தவறிய நாளிலேயே அந்தப் பிரிவு தொடங்கிவிட்டது என்பேன்.

2014-இல் பிரிந்துபோகலாமா என்று கேட்டபோது ஸ்காட்லாந்தில் வாக்களித்தவர்களில் 55 விழுக்காட்டினர் வேண்டாம் என்றார்கள். அந்த முடிவு நாளை மாறலாம். அது அவர்கள் உரிமை. மாநிலங்களைப் பற்றியும் மொழிகளைப் பற்றியும் வாதிடும் இளைஞர்களே, 1707 ஒப்பந்தத்தின் 25 பிரிவுகளையும் ஒருமுறை படியுங்கள். ஸ்காட்லாந்தின் உயர் நீதிமன்றம் என்றென்றும் அங்கேயே இருக்கும் என்று 19-ஆம் பிரிவு சொல்கிறது. அந்த நீதிமன்றம் இன்றும் எடின்பரோவில்தான் கூடுகிறது.